இல்லாத பிசிறு

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. துணியை வெட்டி, தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்த பிறகு ஒவ்வொரு சட்டையும் அவள் கையைத் தாண்டித்தான் இஸ்திரிக்குப் போகும். காலரில் தொடங்கி தோள், கை, பக்கத் தையல் என்று கண்ணை ஓட்டி, அடி மடிப்பில் முடிப்பாள். ஒரு சட்டைக்கு முக்கால் நிமிடம். பிசிறு தெரிந்தால் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுவாள். கறையோ தையல் விட்டுப்போன இடமோ தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போடுவாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை, இதே மேஜை. நேற்று சேர்ந்த பெண்ணிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் செக்கர் அக்கா. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு நூல்கூட வெளியே போக முடியாது என்பது அங்கே ஊரறிந்த விஷயம்.

முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயரும் இருந்தது. பீப்பாய். அது அவள் காதில் விழாமல் இல்லை. எண்பத்தாறு கிலோ இருந்தாள். அவள் உட்காரும்போது நாற்காலி முனகும். முனகியதும் பக்கத்து மேஜையில் யாராவது இருமுவார்கள். சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: எடையைக் குறைங்க, எடையைக் குறைங்க.

குறைந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் டீயில் சர்க்கரையை நிறுத்தி, சாயங்காலம் அரை மணி நேரம் நடந்ததில் முதல் நான்கு கிலோ போனது. நடை ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. ஆனால் எடை மட்டும் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. பழைய உடுப்புகளையெல்லாம் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. நாற்காலி முனகுவதை விட்டது. இத்தனை வருடம் அவளைப் பார்த்து இருமிய பெண்களே வந்து நின்றார்கள்.

"என்னக்கா ரகசியம்? எங்களுக்கும் சொல்லுங்களேன்."

"காத்தைக் குடிச்சு உயிர் வாழறேன்டி" என்பாள். சிரிப்பை அடக்கிக்கொள்ள முடியாது அவளுக்கு. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக யாரோ அவள் உடம்பைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்கிறார்கள். அது உள்ளே போய் என்னவோ செய்தது.

எடையால்தான் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார், எடை போய்விட்டது, அப்படியென்றால் சர்க்கரையும் போயிருக்கும். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தினாள். எப்போதும் தாகமாக இருந்தது. வெயில் என்று நினைத்தாள். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது, வலது பக்க ஈறு பழுத்த மாதிரி வீங்கியது. பிரஷ் சரியில்லை என்று மாற்றினாள். பிறகு இடது பக்கத்திலேயே மென்று சாப்பிடப் பழகிக்கொண்டாள். இதையெல்லாம் கேட்க வீட்டில் ஆள் இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஒரு தட்டு கழுவுகிற சத்தத்துக்கு மேல் அங்கே சத்தம் எழுந்ததில்லை.

சொந்தம் என்று ஒரே ஒரு தங்கை. அம்மா போனபோது இவளுக்குப் பத்தொன்பது, தங்கைக்குப் பதினொன்று. தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கி, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தவள் இவள்தான். அதில் தன் கல்யாணம் எங்கே தவறிப்போனது என்று அவளே கவனிக்கவில்லை. தங்கை இப்போது பஸ்ஸில் நான்கு மணி நேர தூரத்தில் இருந்தாள். புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு ஸ்டேஷனரி கடை. முதலில் தினமும் பேசினார்கள். அது வாரம் ஒருமுறை ஆகி, மாதம் ஒருமுறை ஆகி, பிறகு பிறந்தநாளுக்கு என்றானது. நேரில் பார்த்து இரண்டு வருடம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைச் சட்டை ஆர்டர் மேஜைக்கு வந்தது. மூன்றாவது சட்டையின் பையோரத்தில் ஒரு கறுப்புப் பிசிறு. கத்தரியால் பிடிக்கப் போனாள், நழுவியது. விரலால் தட்டினாள், கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. சரி, துணியோடு நெய்து வந்திருக்கிறது என்று ஸ்டிக்கர் ஒட்டிப் போட்டாள். அடுத்த சட்டையிலும் அதே பிசிறு. அதற்கடுத்ததிலும். பதினொரு மணிக்குள் ஓரத்தில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது.

சூப்பர்வைசர் வந்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் குரலை உயர்த்தாதவன்.

"என்னக்கா இது? பாதி லாட்டு ஓரத்துல கிடக்கு?"

"கறுப்பு நூல் தம்பி. துணியிலயே கலந்து வந்திருக்கு. மில்லுக்காரனைக் கேளுங்க."

அவன் ஒரு சட்டையை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். திருப்பினான். உள்பக்கத்தை வெளியே எடுத்துப் பார்த்தான்.

"எங்கக்கா?"

"இதோ, இங்க" என்று விரலை வைத்தாள். வைத்த இடத்திலிருந்து அது நகர்ந்தது. "இல்ல, இங்க… இப்ப இந்தப் பக்கம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சட்டையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, சட்டை சுத்தமா இருக்கு" என்றான் மெதுவாக.

கை கழுவும் இடத்துக்கு எழுந்து போனாள். அங்கே சுவர் முழுக்க வெள்ளை டைல். அந்தச் சுவரிலும் நூல் தொங்கியது. இடது கண்ணைப் பொத்தினாள். நூல் இரண்டாகி, நடுவில் ஒரு புகைத்திட்டு தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினாள். சுவர் பளிச்சென்று இருந்தது. மறுபடி மறுபடி மாற்றிப் பொத்திப் பார்த்தாள். குழாயைத் திறந்து முகத்தை அடித்துக் கழுவினாள். தண்ணீரில் போகிற சமாசாரமா அது?

மறுநாள் அந்தப் புகை, தண்ணீரில் விழுந்த மைத்துளி மாதிரி கண்ணுக்குள் விரிந்தது. தங்கைக்குப் போன் போட்டாள்.

"அக்கா! என்ன திடீர்னு? கடையில கூட்டமா இருக்கு. அவசரமா? நான் அப்புறம் கூப்பிடட்டுமா?"

"அவசரம் ஒண்ணும் இல்லடி. சும்மாதான்."

அப்புறம் என்பது அன்றைக்கு வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள்.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு எடை. ஐம்பத்தெட்டு கிலோ. அந்த நேரத்திலும் அந்த எண்ணைக் கேட்டு அவளுக்கு ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்த நர்ஸ் கேட்டாள்:

"கூட யாரும்மா வந்திருக்காங்க? மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரத்துக்குப் பார்வை மங்கலா இருக்கும். தனியா போக முடியாது."

"தங்கச்சி வந்திருக்கா. டீ குடிக்கப் போயிருக்கா" என்றாள். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தங்கை கையில் காகிதக் கோப்பையோடு எங்கோ நிற்பதாகக்கூட ஒரு நிமிடம் தோன்றியது.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினாள்.

"மாத்திரையை எப்பம்மா நிறுத்தினீங்க?"

"ஒன்றரை வருஷம் இருக்கும். எடைதான் குறைஞ்சிருச்சே டாக்டர். இருபத்தெட்டு கிலோ."

"நீங்க குறைக்கலைம்மா. சர்க்கரைதான் உங்களைக் கரைச்சிருக்கு. சாப்பிட்டது உடம்புல ஒட்டாம வெளிய போயிட்டே இருந்திருக்கு."

என்னக்கா ரகசியம் என்று கேட்ட முகங்கள் வரிசையாக வந்து போயின. அத்தனை பாராட்டும் நோய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் நடுவில் நின்று வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம். சர்க்கரையால் அதிலுள்ள ரத்தக் குழாய்கள் கெட்டுப்போய், அதற்குப் பதிலாக நோஞ்சான் குழாய்கள் முளைத்திருக்கின்றன. வலது கண்ணில் அவற்றில் ஒன்று உடைந்து கசிந்திருக்கிறது. "நீங்க பாத்த நூல் அந்த ரத்தத்தோட நிழல்தான். இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. லேசர் வச்சா மேல கெட்டுப்போகாம காப்பாத்தலாம். போனது எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது."

பிறகு தாளில் ஓரிடத்தில் பேனாவை வைத்தாள். "உடம்புல எங்கயாவது வீக்கம், புண்ணு இருக்கா? அழற்சி அளவு அதிகமா காட்டுது."

"ஈறு வீங்கியிருக்கு. ரொம்ப நாளா."

"அதையும் உடனே காட்டணும். உள்ள ஒரு இடம் புகைஞ்சிட்டே இருந்தா சர்க்கரை அடங்காது. சர்க்கரை அடங்கலைன்னா ஈறும் ஆறாது. ஒண்ணை ஒண்ணு ஊதிவிட்டுக்கிட்டே இருக்கும். ஈறாலதான் கண்ணு கெட்டுச்சுன்னு நான் சொல்லலை. ஆனா ஒண்ணை மட்டும் பாத்துட்டு இன்னொண்ணை விட முடியாது." நிமிர்ந்து பார்த்தாள். "தங்கச்சியைக் கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் சொல்லிடறேன்."

"நானே சொல்லிக்கறேன் டாக்டர்" என்று தாள்களை வாரிக்கொண்டு எழுந்தாள்.

வாசலுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. மருந்தால் விரிந்துபோன கண்ணுக்கு அது வெயிலாகத் தெரியவில்லை. உலகம் முழுக்கச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. கைக்குட்டையை நெற்றியில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் எப்படியோ போனாள். வருகிற பஸ்ஸின் எண் வெறும் மஞ்சள் தீற்றலாகத் தெரிந்தது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இன்னும் மங்கியது. பக்கத்தில் நின்றவரிடம் எந்த பஸ் என்று கேட்டாள். அவர் என்னவோ சொன்னார். இன்னொரு முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. பத்தொன்பது வருடம் அடுத்தவர் விட்ட பிழையைக் கண்டுபிடித்தவள், எதிரில் இருக்கிற எண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வாள்? வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அது எங்கெங்கோ திரும்பியது. இறங்க வேண்டிய இடத்துப் பாலம் வரவே இல்லை. கடைசியில் என்ஜின் அணைந்து பஸ்ஸே காலியான பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். பெண் கண்டக்டர் வந்து தோளைத் தொட்டாள்.

"கடைசி ஸ்டாப்பும்மா. இறங்கலையா?"

"இது என் ஸ்டாப் இல்லைம்மா. கண்ணுல மருந்து விட்டிருக்காங்க… பஸ் மாறி ஏறிட்டேன் போல."

கண்டக்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். "வீட்டுல யாருக்காவது போன் போட்டுக் குடுக்கட்டுமா?"

வீட்டில் யார் இருக்கிறார்கள்? போனை நீட்டினாள். "குட்டின்னு ஒரு பேர் இருக்கும். அதுக்குப் போடுங்க."

மணி அடித்தது. எடுத்ததும், "அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன், இந்தக் கடை…" என்று தங்கை ஆரம்பித்தாள். வெளியே இன்னொரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"அக்கா? எங்க இருக்க நீ? என்ன சத்தம் அது?"

"எங்க இருக்கேன்னு தெரியலடி" என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. காலி பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்டக்டர் போனை வாங்கி மீதியைச் சொன்னாள். பஸ் திரும்பிப் போகிறபோது அவளைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பாலத்தருகே கைபிடித்து இறக்கியும் விட்டாள். அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

தங்கை சாயங்காலமே வந்துவிட்டாள். மூன்று மாடி ஏறி, மூச்சு இரைக்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நன்றாகப் பெருத்திருந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மீதி எங்கக்கா?" என்றாள். "பாதி ஆளைக் காணோமே. இப்படியா ஆகிப்போன? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன்."

தங்கைக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுக்கும் சர்க்கரை, நான்கு வருடமாக. "மாத்திரை போட்டாத்தான் தட்டுல சோறு விழும்னு அவர் பிடிவாதமா நிப்பாரு" என்றாள், பேச்சை மாற்றுகிறவள் போல. கண்ணை மட்டும் ஒருநாளும் காட்டியதில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈறுக்கு மருந்து ஆரம்பித்திருந்தது. சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். தங்கையை வற்புறுத்தி அவள் பெயரையும் பதிய வைத்தாள். தங்கை எடைக் கருவியில் ஏறியபோது தொண்ணூற்று நான்கு காட்டியது. "சத்தமா சொல்லாதீங்க சிஸ்டர்" என்று அவள் நர்ஸின் கையைப் பிடித்தாள். இருவர் கண்ணிலும் சொட்டு விட்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடியது மாதிரி இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

டாக்டர் தங்கையின் கண்ணைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு. ஒரு புள்ளிகூட இல்ல" என்றாள்.

செக்கர் அக்காவுக்கு நெஞ்சில் முள் குத்திய மாதிரி இருந்தது. தொண்ணூற்று நான்கு கிலோ, சுத்தமான கண். தான் வளர்த்த பெண்ணைப் பார்த்து இப்படி வயிறு எரியுமா என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. "இவளுக்கு எப்படி டாக்டர்? நான்தானே இளைச்சேன்?" என்று கேட்டும் விட்டாள்.

"எடையை மட்டும் வச்சுக் கண்ணைச் சொல்ல முடியாதும்மா. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும், பருமனா இருக்கிறவங்களுக்கும் வரும். இவங்க சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சிருக்காங்க, அதுவும் நாலு வருஷம்தான் ஆகுது. அதுக்காக எடையை விட்டுடலாம்னு இல்ல" என்று தங்கை பக்கம் திரும்பினாள். "நீங்க வருஷா வருஷம் வந்து காட்டணும்."

வெளியே வந்து உட்கார்ந்ததும் தங்கை மெதுவாக, "மன்னிச்சுக்கோக்கா" என்றாள்.

"கண்ணு நல்லா இருக்கிறதுக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா? லூசு" என்றாள் இவள்.

லேசருக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, அசையாமல் இருக்கச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் படபடவென்று வெட்டியது. ஒவ்வொரு வெட்டும் மண்டைக்குள் ஊசி தொட்ட மாதிரி. எத்தனை என்று எண்ணத் தொடங்கி, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். தங்கை கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் அவள் தனியாகத்தான் இருந்தாள். அங்கே யாரும் கூட வர முடியாது என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. ஏனோ பயம் கொஞ்சம் குறைந்தது.

தங்கை ஆறு நாள் இருந்தாள். நர்ஸிடம் கேட்டுவந்து ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள், மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்தாள், ஒரே அறையில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நடமாடினார்கள். ஏழாம் நாள் கடையிலிருந்து மூன்று முறை போன் வந்தது. பஸ் ஏறும்போது, "எங்களோட வந்து இருந்துடேன்க்கா" என்றாள். மனதாரச் சொன்னதுதான். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும். "பாக்கலாம்டி" என்றாள் இவள். அன்று திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, இத்தனை வருடம் பழகிய அதே அறை புதிதாகக் காலி பண்ணிய வீடு மாதிரி இருந்தது.

வலது கண்ணில் பாதிப் பார்வை திரும்பியது. மீதிப் பாதியில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. இடது கண் தப்பித்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சூப்பர்வைசர் அவள் மேஜை வரைக்கும் வந்து நின்றான். அவன் சொல்ல வேண்டி வராமல் அவளே சொன்னாள்:

"தம்பி, இனிமே அந்த மேஜை எனக்குச் சரிப்படாது. பேக்கிங்ல போடுங்க."

"அக்கா, உங்க அளவுக்கு யாரு…"

"கண்ணு தெரியாதவ செக்கரா இருந்தா உங்க பேருதான் கெடும். போடுங்க."

பேக்கிங்கில் சட்டையை அட்டையில் வைத்து மடித்து, உறையில் போட்டு, அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். நின்றுகொண்டே செய்யும் வேலை. ஒரு மாதத்தில் கை படிந்துவிட்டது. ஊசி போட ஆரம்பித்த பிறகு அவள் எடை நான்கு கிலோ ஏறியது. அதற்கு டாக்டர் தலையாட்டினாள். தொழிற்சாலைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "என்னக்கா, மறுபடி போட்டுட்டீங்களே" என்றார்கள். முன்பென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது. இப்போது, "ஆமா, வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தாள்.

தங்கை புதன்கிழமைகளில் மதிய இடைவேளையில் கூப்பிடுகிறாள். கடையில் கூட்டம் இருந்தால் விட்டுப்போகும். அப்படி இரண்டு மணி வரை மணி அடிக்கவில்லை என்றால் இவளே போடுகிறாள், அவசரம் என்று சொல்லியே.

"உனக்கு சர்க்கரை எவ்வளவுக்கா காமிச்சுது?"

"நூத்தி நாப்பது. உனக்கு?"

"நூத்தி இருபத்தஞ்சு."

"பரவாயில்லடி."

அதற்கு மேல் பெரும்பாலும் பேச ஒன்றும் இருக்காது. இருவரும் போனைக் காதில் வைத்தபடியே இருப்பார்கள். அந்தப் பக்கம் யாரோ ஒரு நோட்டுக்கு விலை கேட்பதும், தங்கை பதில் சொல்வதும் கேட்கும். இந்தப் பக்கம் சாப்பிட்டு முடித்த யாரோ பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம். இடைவேளை முடியும் மணி அடிக்கும் வரை இவள் போனை வைக்க மாட்டாள்.